அந்தத் தாதி அக்காவுக்கு

போன செவ்வாய் இரவு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் அண்ணாவைக் கொண்டு ஓடினோம். இரண்டு நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல். பகலில் பார்த்த டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பெரிதாகச் சிவப்பில்லை என்று மாத்திரை தந்திருந்தார். இரவில் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. குரல் வாய்க்குள் சோறு வைத்துக்கொண்டு பேசுவது போல அடைத்துப்போனது.

அவசரப் பிரிவு வாசலில் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். முன்னால் குனிந்து, கையை ஊன்றி, எச்சில் வடிய இருந்தவரைக் கட்டிலில் சாய்க்கப் போன என்னைத் தடுத்து, "படுக்க வைக்காதீங்கோ தம்பி, இப்படியே இருக்கட்டும்" என்றீர்கள். அப்புறம் ஓடிப்போய் டொக்டரையும் மயக்க மருந்து டொக்டரையும் கூட்டி வந்தீர்கள்.

மூக்கு வழியாகச் சிறு கமரா விட்டுப் பார்த்தபோது குரல்வளையை மூடும் சிறு மடல் வீங்கியிருந்தது. அதற்குப் பெயர் எபிகுளொட்டைட்டிஸாம். பெரியவர்களுக்கும் வருமாம். வாய்க்குள் பார்த்தால் தெரியாமலே போகலாமாம். மூச்சு அடைத்தால் குழாய் போட, தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட, எல்லாம் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஒட்சிசனும் இரத்த நாளம் வழி அன்ரிபயோட்டிக்கும் தொடங்கினார்கள். நல்ல காலம், குழாய் தேவைப்படவில்லை.

நேற்று அண்ணா இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலிருந்து பார்த்து அழுதார். உங்கள் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டேன், அக்கா. மிக்க நன்றி.