கைதட்டிக் கிளப்பிய பறவைகளின் படம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் எடுத்த நீர்ப்பறவைப் படங்களை வெளியிடுகிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் கேமராவும் கையுமாக தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்கு வருவதற்கு அந்தப் பக்கமும் ஒரு காரணம். ஆனால், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. எல்லாக் கூட்டமும் தானாக எழும்புவதில்லை. படத்துக்காகச் சிலர் கைதட்டுகிறார்கள், பறவைகளை நோக்கி ஓடுகிறார்கள். இப்போது டிரோனும் சேர்ந்துகொண்டது.

செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நம் பினாங்குப் பெருநிலக் கரையில் தங்கும் இந்தப் பறவைகளில் பல, ரஷ்யா, சீனா பக்கமிருந்து வருபவை. அழியும் நிலையில் உள்ள நோர்ட்மன் பச்சைக்காலியும் அவற்றில் உண்டு. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. அப்படிப் பறக்க உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றில் பரவி, புழுவும் நண்டும் தின்னும். கடல் பெருகினால் மேய இடமில்லை, கரையோரம் ஒண்டி நின்று ஓய்வெடுக்கும். நம்மவர்கள் போய்க் கிளப்புவது அந்த நேரம் பார்த்துத்தான். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பு வீணாகக் கரைகிறது.

சரி, நல்ல படம் எடுப்பது எப்படி? நீர் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், புதர் ஓரமாகத் தாழ உட்கார்ந்துவிட வேண்டும். ஏறிவரும் நீரே பறவைகளை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் போதும். மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால் அவை பயந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஒற்றைக்காலில் தூங்கும் உள்ளானின் படம், பதறிப் பறக்கும் கூட்டத்தைவிட எனக்குப் பல மடங்கு அழகு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படம் அனுப்புகிறவர் அதை எப்படி எடுத்தார் என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கிளப்பிவிட்டு எடுத்தது என்று தெரிந்தால் போடாதீர்கள். அப்புறம், கூட்டில் குஞ்சு இருக்கும் படமானால் இடத்தின் பெயரை மட்டும் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

அன்புடன்,
வாசகர், பட்டர்வொர்த்