ஃபோர்ட் கொச்சி டோபி கானாவுக்கு ஒரு நன்றி மடல்

வெளிப் பகுதி டோபி கானாவில் துணி வெளுக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கோடவுனில் நம் துணிகள் தொங்கிய கலைக்காட்சி முடிந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, துணியை மடித்து, வாடகைக் கணக்கையும் தீர்த்தாயிற்று. பாக்கி இருப்பது இந்தக் கடிதம்தான். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியதென்றால் நேரில் வந்து சொல்லியிருப்பேன். காட்சியைப் பார்க்க வந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். காட்சியைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த குறிப்பை உங்களுக்கும் யாராவது காட்டியிருப்பார்கள். என் பெயர் நாலு இடத்தில் இருந்தது. உங்களுக்கு, 'உள்ளூர்த் தொழிலாளர்களின் ஒத்துழைப்புடன்' என்று அரை வரி. அந்த அரை வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று விவரமாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இணையத்தில் பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டீர்கள். கோடவுன் வாசல் பலகையில் எல்லோர் பெயரும் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தது. இங்கே ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. டச்சுக்காரர்கள் 1663-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள்; 1795-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கே இருந்தார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று வெளிப் பகுதியில் இருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதிருக்கும் டோபி கானாவைக் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையம் 1976-ல் கட்டிக்கொடுத்தது. வரிசையாகத் தடுப்பு வைத்த தொட்டிகள், துவைகல், திறந்த வெளியில் கொடி, உள்ளே இஸ்திரிக் கொட்டகை. எல்லாம் வண்ணார் சங்கத்தின் பொறுப்பு. 2012 டிசம்பரில் பியனாலே என்னும் சர்வதேசக் கலைக்காட்சி முதன்முதலில் நடந்ததிலிருந்து, அந்தப் பருவம் வந்தால் ஃபோர்ட் கொச்சியில் கலைஞர்கள் குவிகிறார்கள். டோபி கானாவுக்கும் கேமராவோடு வருவார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். பியனாலேயில் எனக்கு இடமில்லை. அதே பருவத்தில் தனியாக ஒரு கோடவுனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, ஈரோட்டுக் காடாத் துணி ஒரு பேலோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். என் கையில் இருந்தது ஒரு வரைபடம்: பழுப்பிலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து நீலத்துக்கும் படிப்படியாக மாறிக்கொண்டே போகும் துணிகள், கூரையிலிருந்து தரைவரை.

அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு முதலில் கை வைத்தவர் மூன்றாவது தொட்டி அண்ணன். துணியை விரலால் நெருடிப் பார்த்து, "இதுல மில் கஞ்சி அப்படியே இருக்கு. இதை எடுக்காம நீலமும் பிடிக்காது, நம்ம கஞ்சியும் பிடிக்காது" என்றார். பேல் முழுவதையும் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் அடித்துத் துவைத்து, திரும்பவும் ஊறவைத்தார். எந்தத் துணியை ஒரு துவைப்போடு நிறுத்துவது, எதை நாலு துவைப்புக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தவரும் அவர்தான். பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்த அந்தப் பழுப்பு வெள்ளைப் படிகள் என் தூரிகையில் வந்தவை அல்ல. அவருடைய தோளில் வந்தவை.

நீலம் போட்ட பெரியவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். அவரிடம் அளவுக் கரண்டி கிடையாது. வாளியில் நீலத்தைக் கரைத்து, உள்ளங்கையில் ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பார். ரேகை தெரிந்தால் சரி, மங்கினால் இன்னும் ஒரு குடம் தண்ணீர். உலர்ந்த துணியை நேராக நீலத்தில் போட்டால் திட்டுத் திட்டாகிவிடும் என்பதால், நன்றாக நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே மூச்சில் இறக்கி ஏற்ற வேண்டும். நடுவில் யார் போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. எனக்குக் கடைசித் துணி கடல் மாதிரி அடர்நீலமாக வேண்டும் என்று ஆசை. "மோளே" என்று மலையாளத்தில் செல்லமாகக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் நல்ல தமிழில் திட்டினார். நீலம் என்பது வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டத்தான், சாயம் முக்க வேண்டுமென்றால் வேறு ஊருக்குப் போ என்றார். கடைசித் துணி அதனால்தான் அப்படி, நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நின்றது. காட்சியில் ஆட்கள் அதிக நேரம் நின்றதும் அந்தத் துணிக்கு முன்னால்தான்.

கஞ்சி விஷயம். துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் வடகிழக்குப் பருவமழை பிற்பகலானால் கொட்டுகிற நாட்கள் அவை. கோடவுனுக்குள்ளே ஈரக்காற்று, பக்கத்திலேயே காயல். அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டால் துணி விறைப்பாக நிற்கும், சீக்கிரத்தில் பூசணமும் பிடிக்கும். கஞ்சியைப் பாதியாக நீர்த்து, புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் சேர்க்கிற மாதிரி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொன்னது இஸ்திரிக் கொட்டகை அக்கா. காட்சி முடியும்வரை ஒரு புள்ளி விழவில்லை. சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டியை அந்த நீளத் துணிகள் மேல் அவர் ஓட்டிய விதத்தைக் காணொளியாக எடுத்து வைத்திருக்கிறேன், அவர் அனுமதியோடு.

துணியைத் தொங்கவிட எஃகுக் கம்பியும் கிளிப்பும் வாங்கிவைத்திருந்தேன். அவை பேக்கிங் பிரிக்காமல் கடைக்குத் திரும்பிப் போயின. உங்கள் கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டி, துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிடுகிறீர்கள். காற்று இழுக்க இழுக்க முறுக்கு இறுகுகிறது. அதே கயிற்றைக் கோடவுன் உத்தரத்தில் கட்டிக்கொடுத்த தம்பிகள் இருவரும், எங்கே தொய்வு விட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் விட்ட தொய்வில்தான் துணிகளுக்கு நடுவே நடந்துபோக வழி வந்தது.

கடைசியில் கையெழுத்து. துணி மூலையில் கலைஞர் பெயர் வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யார் வீட்டுத் துணி என்று குறி போடாமல் கொடியில் எதுவும் ஏறாது என்பது உங்கள் வழக்கம். இப்போது அன்றாடத்துக்கு நூல் கட்டுவதோ மார்க்கரோ போதும். ஆனால் இதற்கு அது சரிப்படாது என்று உங்கள் வீட்டு ஆச்சி பிடிவாதமாக நாட்டுமருந்துக் கடையிலிருந்து, துணியில் குறி போட உதவும் சேங்கொட்டையை வாங்கிவரச் சொன்னார். அந்தக் கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, ஊசியால் கொட்டையைக் குத்தி, கசிந்ததைத் தொட்டுத் துணியில் வைத்து, மேலே சுண்ணாம்பு தேய்த்தார். பழுப்பாக இருந்தது கண் முன்னாலேயே கறுத்தது. துவைத்தவருக்கு ஒரு குறி, நீலம் போட்டவருக்கு ஒன்று, கஞ்சிக்கும் இஸ்திரிக்கும் ஒன்று, கயிற்றுக்கு ஒன்று. என் பங்குக்கு ஒரு புள்ளியும் கோடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயட்டி 1971 தொடங்கி ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைப் பூத்தையலில் செய்தார். பிறகு போர் வந்து அகதிகளாகப் பெஷாவர் போனவர்களும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு தடவை கடல் இளஞ்சிவப்பாக வந்து சேர்ந்தது. அவர்கள் கையில் நிறைய இருந்த நூல் அந்த நிறம். அதன்பிறகு கடலின் நிறத்தை அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். நல்ல முடிவுதான். ஆனாலும் அருங்காட்சியகத்துப் பெயர்ச்சீட்டில் இருப்பது அவர் பெயர். இளஞ்சிவப்புக் கடலைத் தைத்த பெண் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நம் துணியைப் பார்த்து நாளைக்கு ஒருத்தர் அப்படிக் கேட்டால் பதில் மூலையிலேயே இருக்க வேண்டும்.

சங்கத்துச் செயலாளர் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி, கறாராகப் பேசியதற்கு. "ஹோட்டல் பெட்ஷீட் குவியுற சீசன்ல ஆளையும் தொட்டியையும் கேக்குறீங்க" என்று தொடங்கி, நாள் கூலி தனி, துணி விற்றால் பாதி சங்கத்துக்கு, வேலை செய்கிறவர் முகத்தைப் படமெடுக்க ஒவ்வொருவரிடமும் தனித்தனி அனுமதி என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கலைஞர்கள் இந்த மாதிரி ஆளைக் கண்டால் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் தாள்தான் நிம்மதி. கூலி கொடுத்துவிட்டேன், அத்தோடு சரி என்று நானும் நினைக்க முடியாது. அன்புக்காகச் செய்தார்கள் என்று சொல்லி உங்களை யாரும் வெறுங்கையோடு அனுப்பிவிடவும் முடியாது.

பேலை வேனிலிருந்து இறக்கி ஏற்றிய சுமைத் தொழிலாளர்கள், மழையில் தார்ப்பாய் கொடுத்த இஞ்சி மண்டிக்காரர், ஓரம் அடித்துக்கொடுத்த தையற்கடைச் சேச்சி, ஏணி பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், கணக்கு எழுதாமல் கட்டன் சாயா தந்த கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. சாயாக் கணக்கு எனக்கு நினைவிருக்கிறது, தீர்த்துவிடுகிறேன்.

காட்சிக்கு வந்த ஒருவர், இது கலையா சலவையா என்று நீலப் பெரியவரிடமே கேட்டார். "ரெண்டுக்கும் தனித்தனி பில் வேணுமா சார்?" என்று பதில் வந்தது. அதற்குமேல் அந்தக் கேள்விக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அடுத்ததாகத் துணிகள் கோயம்புத்தூர் போகின்றன. வாசல் பலகையும் கூடவே போகிறது. பலகை இல்லாமல் துணியை மாட்டக் கூடாது என்று அங்கே எழுதிக்கொடுத்துவிட்டேன். கயிறு கட்டத் தம்பிகள் இருவரும், நீலத்தைச் சரிபார்க்கப் பெரியவரும் வருகிறார்கள். ஹோட்டல் சீசன் முடியாமல் கிளம்ப மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டதால் காட்சித் தேதியை ஏப்ரலுக்குத் தள்ளியாயிற்று. ரயில் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. ஆச்சியும் வர விரும்பினால் இந்த வாரத்துக்குள் சொல்லச் சொல்லுங்கள், கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் போடுகிறேன்.