வாய் திறக்கப் பழக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருக்கும் ஒரு தோழிக்கும் ஸ்தோத்திரம்.

நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இயேசுவைப் பற்றிப் பேச ஏன் இத்தனை தயக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். 1903-இல் நம்மவர்களே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பி வைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் காணிக்கைக் கவரைப் போட்டுவிட்டால் நம் பங்கு தீர்ந்தது என்கிற நினைப்பும் அப்படியே நம் வீடுகளில் தங்கிவிட்டது. சுவிசேஷம் சொல்வது ஊழியக்காரர் வேலை. நமக்கு ஆலயம், அசனம் என்கிற சபை விருந்து, கிறிஸ்துமஸ் பலகாரம்.

அதோடு எனக்குப் பயமும் உண்டு. நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மதம் மாத்தப் பாக்குறாங்க" என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அப்புறம் அந்த வார்டில் எப்படி நிமிர்ந்து நடப்பது?

முதல் நன்றி எங்கள் ஐயருக்கு, அதாவது எங்கள் சபைப் போதகருக்கு. சொல்லாமல் இருந்தால் கேளாமல் அழிகிறவர்களின் இரத்தப்பழி நம்மேல் என்று மிரட்டும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அவை என் வாயை இன்னும் இறுக்கி மூடியதுதான் மிச்சம். ஐயர் மிரட்டவில்லை. வேதபாடத்தில் 1 பேதுரு 3:15-ஐ வாசிக்க வைத்து, "யாருக்குப் பதில் சொல்லச் சொல்லியிருக்கு?" என்று கேட்டார். விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு. அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

அவர்தான் அசரியா அத்தியட்சர் கதையையும் சொன்னார். நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். தோர்ணக்கல்லில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, 'நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைப்பாராம். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிகள். வேத அறிவு போதாது என்று நான் சொல்லி வந்த சாக்கு அதோடு போயிற்று.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கு என்ன சொல்வது! குறிப்பாக, நம் ஓய்வுபெற்ற டீச்சரக்காவுக்கு. அவரவர் கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும், அக்கா பக்கத்து வீட்டு இந்து அம்மாவாக உட்கார்ந்து கேட்பார் என்று ஒரு பயிற்சி வைத்தீர்களே. நான் 'இரட்சிப்பு' என்றேன். "அப்படின்னா?" என்றார். 'கிருபை' என்றேன். "அதுக்கு என்னம்மா அர்த்தம்?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் நமக்குள் பேசிப் பேசித் தேய்ந்த சொற்களை எடுத்துவிட்டால் எனக்குச் சொல்ல என்ன மிஞ்சுகிறது என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன். யோவான் சுவிசேஷம் 9-இல், இயேசு பார்வை கொடுத்த குருடன், பரிசேயர் என்கிற யூத மதத் தலைவர்களின் கேள்விகளுக்கு நடுவில், தான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்பதைத்தானே பிடித்துக்கொண்டு நின்றான்? என்னிடமும் அந்த அளவுக்கு ஒன்று இருந்தது.

சபையின் வக்கீல் அண்ணனுக்கும் நன்றி. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தன் மதத்தை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று அவர் விளக்கினார். சிலருக்கு அந்தத் தீர்ப்பின்மேல் வருத்தம். எனக்கு அது நிம்மதி. சொல்வதோடு என் வேலை முடிகிறது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியிடம் நானாகப் பேச்செடுக்க மாட்டேன், இன்றைக்கும்தான். ஊசி போடுகிற கைக்குப் பயந்து ஒருவர் தலையாட்டக் கூடாது. இதில் சங்கத்தில் சிலருக்கு என்னோடு ஒத்துவராது, இருக்கட்டும்.

கடைசியாக, என்னோடு நைட் டூட்டி பார்க்கும் தோழிக்கு. என் அப்பா இறந்தபின் நான் வேலைக்குத் திரும்பியபோது, "எப்படிக்கா உங்களால இப்படி இருக்க முடியுது?" என்று நீதான் கேட்டாய். டீச்சரக்கா தடுத்த சொல் ஒன்றுகூட வராமல், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அழுகையை அடக்கவில்லை, ஜெபிக்க முடியாத ராத்திரிகளையும் மறைக்கவில்லை. நீ கடைசி வரை கேட்டாய். பிறகு திருச்செந்தூர் முருகனுக்கு நீ நேர்ந்துகொண்ட கதையைச் சொன்னாய், நானும் கேட்டேன். நீ இன்னும் திருச்செந்தூர் போகிறாய், நான் இன்னும் உனக்காக ஜெபிக்கிறேன், அது உனக்கும் தெரியும்.

இந்த மாத வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். தோழியையும் கூப்பிட்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவேன் என்றாள். சரி, வா என்று சொல்லியிருக்கிறேன். சகோதரிகள் யாரும் அவளிடம் சுவிசேஷக் கைப்பிரதி நீட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
பாளையங்கோட்டை