பேரி ஃபிட்ஸ்ஜெரால்டை ஆஸ்கர் துணுக்கோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்கர் சமயம் வந்தாலே சினிமாப் பக்கங்களில் தலைகாட்டும் துணுக்கு ஒன்று உண்டு. ஒரே படத்தில், ஒரே வேடத்துக்காக, சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என இரண்டு பிரிவிலும் போட்டியிட்ட ஒரே நடிகர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பதுதான் அது. செய்தி சரியானதே. ஆனால் அந்த அயர்லாந்துக் கலைஞரைப் பற்றி நம் இதழ்களில் வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். படம் 1944இல் வந்த 'கோயிங் மை வே'. வேடம், முதிய பாதிரியார் ஃபிட்ஸ்கிப்பன். ஒரு நடிப்பு நாயகன் பிரிவில் சேருமா, துணைப் பிரிவில் சேருமா என்பதை அன்று வாக்களிப்பவர்களே முடிவு செய்தார்கள். சிலர் இதிலும் சிலர் அதிலும் அவர் பெயரை எழுத, இரண்டிலும் தேவையான வாக்குகள் சேர்ந்துவிட்டன. துணை நடிகர் விருது அவருக்கு. சிறந்த நடிகர் விருது அதே படத்தில் இளம் பாதிரியாராக வந்த பிங் கிராஸ்பிக்கு. அதன் பிறகுதான் விதியைத் திருத்தினார்கள். இப்போது ஒரு நடிப்புக்கு இரு பிரிவிலும் வாக்கு விழுந்தாலும், எண்ணும்போது எந்தப் பிரிவில் தேவையான எண்ணிக்கையை முதலில் எட்டுகிறதோ அதில் மட்டுமே இடம் உண்டு. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டுச் சிலை பிளாஸ்டரில் செய்யப்பட்டது. கோல்ஃப் மட்டையை வீசிப் பழகும்போது சிலையின் தலையை அவரே தட்டி உடைத்துவிட்டார் என்பது பிரபலமான கதை.

விருது வாங்கும்போது அவருக்கு வயது 57. அந்த வயதுவரை எங்கே இருந்தார் என்று துணுக்கு சொல்வதில்லை. எனக்கு அதுதான் குறை.

அவர் டப்ளின்காரர். 1888 மார்ச் 10இல் பிறந்தவர். இயற்பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். பகலில் அரசு அலுவலகக் குமாஸ்தா. மாலையில் டப்ளினின் ஆபி நாடக அரங்கின் நடிகர். மேடையேறுவது அலுவலகத்தில் தெரியாமலிருக்கவே பெயரை மாற்றிக்கொண்டார். 1929இல்தான் வேலையை விட்டு முழுநேர நடிகரானார். அப்போது வயது 41. தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸும் ஆபி நடிகர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் துப்பாக்கி ஏந்திச் சிறை சென்றவர்.

ஆபி, நிரந்தரக் குழுவும் அடிக்கடி மாறும் நாடகங்களும் கொண்ட ரெபர்ட்டரி அரங்கு. ஒரு நாடகத்தை இரவில் ஆடிக்கொண்டே அடுத்ததற்கு ஒத்திகை பார்க்க வேண்டும். இன்று கதாநாயகன், அடுத்த நாடகத்தில் இரண்டு வரி பேசும் வண்டிக்காரன். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அவகாசம் குறைவு என்பதால் நடிகர் தன் பழைய சேட்டைகளையே புது வேடத்துக்கும் போர்த்திவிடுவார். பல ரெபர்ட்டரி நடிகர்கள் தேய்ந்துபோவது அப்படித்தான். ஃபிட்ஸ்ஜெரால்டைக் காப்பாற்றியது அயர்லாந்து நாடகாசிரியர் ஷான் ஓ'கேசியின் எழுத்து என்பது என் கணிப்பு.

1924 மார்ச் 3, ஓ'கேசியின் 'ஜூனோ அண்ட் தி பேகாக்' நாடக அரங்கேற்றம். உள்நாட்டுப் போர்க்கால டப்ளின், ஏழைகள் நெருக்கியடித்து வாழும் ஒண்டுக்குடித்தனம். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏற்றது 'கேப்டன்' பாயில் என்ற குடும்பத் தலைவர் வேடம். வேலை என்ற பேச்சு எழுந்ததும் இவருக்குக் கால் வலி வந்துவிடும். எப்போதோ லிவர்பூலுக்கு நிலக்கரிக் கப்பலில் போனதை வைத்து, கடல்களையெல்லாம் அளந்தவர்போலப் பேசுவார். இரண்டு அங்கம் முழுக்க அரங்கம் இவரைப் பார்த்துச் சிரிக்கும். கடைசியில் மகன் சுட்டுக் கொல்லப்பட்டிருப்பான், மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போயிருப்பார்கள், மேசை நாற்காலிகளையும் கடன்காரர்கள் தூக்கிப் போயிருப்பார்கள். அந்த வெற்று அறைக்குள் பாயில் கூட்டாளியோடு குடித்துவிட்டுத் தள்ளாடி வருவார். மகன் செத்தது அவருக்குத் தெரியாது, பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே நடிகர் சறுக்க இரண்டு வழி உண்டு. குடிகாரச் சேட்டையைக் கூட்டினால் சிரிப்பு வந்து சோகம் காணாமல் போகும். சோகம் தனக்குத் தெரியும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினால் பாயில் திடீரென்று ஞானியாகிவிடுவார், நாடகம் பொய்யாகிவிடும். முதல் அங்கத்தில் பேசிய அதே வீறாப்போடு, எதுவும் அறியாதவராகவே பேசி முடிக்க வேண்டும். அந்த வேடத்தைச் சொந்தமாக்கிக்கொண்டவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1940இல் நியூயார்க் பிராட்வேயிலும் நடிகை சாரா ஆல்குட்டுடன் மீண்டும் ஆடினார். ஆனால் 1930இல் ஹிட்ச்காக் அந்த நாடகத்தைப் படமாக்கியபோது பாயில் வேடம் எட்வர்ட் சாப்மனுக்குப் போனது. ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கிடைத்தது மேடைப் பேச்சாளராகச் சிறு வேடம். எவ்வளவு பெரிய இழப்பு!

1926இல் ஓ'கேசியின் அடுத்த நாடகம் 'தி பிளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்'. பப்புக்குள் தேசக் கொடிகளைக் கொண்டுவருவதும் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி இருப்பதும் கண்டு பார்வையாளர்கள் கொதித்தெழுந்து மேடையேறினார்கள். ஃப்ளூதர் என்ற பாத்திரத்தின் வேடத்திலிருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட், ஏறிவந்த ஒருவரை ஒரே குத்தில் கீழே அனுப்பினார். இயக்குநர் ஜான் ஃபோர்ட் இதை 1936இல் படமாக்கியபோது அதே வேடத்துக்கு அழைக்கப்பட்டு ஹாலிவுட் போனவர், அங்கேயே தங்கினார்.

மேடையிலிருந்து கேமராவுக்கு வருபவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சிரிப்பின் கணக்கு. மேடையில் சிரிப்பு எழும்பி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முழுதும் அடங்கக் காத்திருந்தால் காட்சி தொய்யும். முந்தினால் வசனம் கேட்காது. படப்பிடிப்புத் தளத்திலோ சிரிப்பே கிடையாது. இடம் விட்டால் கூட்டமில்லாத தியேட்டரில் அது வெறும் மௌனமாகத் தெரியும். விடாவிட்டால் நிறைந்த தியேட்டரில் அடுத்த வரி காணாமல் போகும். ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த இடத்தைப் பைப்பாலும் தொப்பியாலும் பார்வையாலும் நிரப்பினார். அதிலும் கட்டுப்பாடு வேண்டும்: எந்தச் சொல்லில் பைப் வாய்க்குப் போனதோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் போக வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒட்டாது.

1952இல் வந்த 'தி கொயட் மேன்' படத்தில் கல்யாணத் தரகராக வருவார். திருமணத்துக்கு மறுநாள் காலை, உடைந்து கிடக்கும் கட்டிலைப் பார்ப்பார். தம்பதி சண்டையிட்டுத் தனித்தனியே படுத்தது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பார்வை கட்டிலில் நிலைக்கும், பிறகுதான் வியப்பாக இரண்டே சொல். பாயிலை ஆடியவரின் கை அதில் தெரிகிறது. நமக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்பதில் இம்மிகூடப் பிசகுவதில்லை.

அயர்லாந்துக் கிழவர் என்ற ஒரே வார்ப்பை விற்றவர் என்று அவரைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பிற்காலத்தில் ஸ்டுடியோக்கள் அதையே கேட்டன, அவரும் கொடுத்தார், மறுப்பதற்கில்லை. 1959இல் வந்த 'பிராத் ஆஃப் எ பாய்' படத்தில்கூட உலகிலேயே வயதான மனிதர் வேடம்தான். 1961 ஜனவரி 4இல் டப்ளினிலேயே காலமானார்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை அந்தத் துணுக்கை வெளியிடும்போது ஆபியையும் ஓ'கேசியையும் சேர்த்து ஒரு பத்தி எழுதுங்கள். பார்க்க விரும்புவோருக்கு 'கோயிங் மை வே'யை முதலில் சொல்ல வேண்டாம். நியூயார்க் தெருக்களில் எடுக்கப்பட்ட 'தி நேக்கட் சிட்டி'யில் துப்பறியும் அதிகாரியாக அவர் எவ்வளவு அடக்கி நடித்திருக்கிறார் என்று பார்க்கட்டும். அடுத்து, 1945இல் ரெனே கிளேர் எடுத்த 'அண்ட் தென் தேர் வேர் நன்'. அதில் அவர் நீதிபதி. அந்தச் சிரித்த முகத்தை முதல் காட்சியிலிருந்தே கவனித்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்