காற்று இல்லாததால் மட்டுமா விண்வெளி இருட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் "விண்வெளி ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு, "அங்கே காற்று இல்லை, ஒளியைச் சிதறடிக்க எதுவும் இல்லை, அதனால்தான்" என்று பதில் வந்திருந்தது. சுங்கை சிப்புட்டில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். பத்திரிகையில் வந்துவிட்டால் அவர்களுக்கு அதுதான் வேதம். பதில் தவறில்லை, ஆனால் பாதிதான்.

காற்றுக் கதை பகலுக்குச் சரி. சூரிய ஒளியில் நீலத்தைக் காற்று அதிகமாகச் சிதறடிப்பதால் நம் பகல் வானம் நீலமாகத் தெரிகிறது. காற்றில்லாத நிலாவில் வெயில் கொளுத்தினாலும் வானம் கறுப்புதான். அப்போலோ படங்களில் இதைப் பார்க்கலாம். (அவற்றில் நட்சத்திரமே இல்லை, ஆகவே நிலாப் பயணம் பொய் என்று வாட்சாப்பில் அனுப்பும் அண்ணன்மார்களுக்கு: வெயிலில் பளிச்சிடும் தரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரம் படத்தில் விழாது.)

ராத்திரிக்கு இந்தப் பதில் உதவாது. ராத்திரியிலும் நம் தலைக்கு மேல் அதே காற்று இருக்கிறது, வானமோ கறுப்பு. சூரியன் மறைந்தது சரி, மற்ற நட்சத்திரங்கள் என்ன ஆயின? ஒவ்வொன்றும் ஒரு சூரியன் அல்லவா?

1610-இலேயே வானியலர் கெப்ளர் இதை யோசித்திருக்கிறார். 1823-இல் பிரெமன் நகர மருத்துவரும் வானியலருமான ஓல்பர்ஸ் மறுபடி எழுப்பியதால் புதிர் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரைச் சுற்றி உள்ள செம்பனைத் தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். நிரைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் வெளி தெரியும். பார்வையைச் சற்றுத் திருப்பினால் ஏதாவது ஒரு மரத்தில் போய் முட்டும். தோட்டம் சின்னதாக இருந்தால்தான் மரங்களின் இடுக்கில் அந்தப் பக்கத்துச் சாலை தெரியும். பிரபஞ்சம் எல்லையில்லாமல், என்றென்றைக்கும் இருந்துவந்த ஒன்றானால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு நட்சத்திரத்தில் முடிய வேண்டும்.

தூரத்து நட்சத்திரம் மங்கல்தானே என்று கேட்கலாம். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள நட்சத்திரத்திலிருந்து கால் பங்கு ஒளிதான் வரும். ஆனால் நட்சத்திரங்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால், அந்தத் தூரத்தில் அவற்றின் எண்ணிக்கை நான்கு மடங்கு. கணக்கு நேராகிவிடுகிறது. அப்படியானால் ராத்திரி வானம் முழுக்கச் சூரியனின் முகம்போல எரிய வேண்டும்!

இடையில் உள்ள தூசு ஒளியை மறைக்கிறது என்றார் ஓல்பர்ஸ். அது நிற்கவில்லை. அவ்வளவு ஒளியை வாங்கும் தூசும் நாளடைவில் சூடேறித் தானே ஒளிர ஆரம்பித்துவிடும்.

விடை பிரபஞ்சத்தின் வயதில் இருக்கிறது. அதற்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போனாலும், இத்தனை காலத்துக்குள் நம்மை வந்து சேரக்கூடிய ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாத் திசையும் நட்சத்திரத்தால் அடைபட வேண்டுமென்றால் அதைவிட எத்தனையோ மடங்கு தொலைவு தெரிய வேண்டும். நட்சத்திரங்களும் காலமெல்லாம் எரிவதில்லை. பிரபஞ்சம் விரிவதால் வழியில் ஒளி இழுபட்டு மங்குவதும் உண்மை. சிலர் அதையே முதல் காரணமாகச் சொல்கிறார்கள். நட்சத்திர ஒளியைப் பொறுத்தவரை வயதுதான் பெரிய காரணம் என்பேன்.

விரிவின் வேலை வேறு இடத்தில் நன்றாகத் தெரிகிறது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய 3,000 கெல்வின் (வெப்பநிலை அலகு) வெப்பத்தில் ஒளி நிறைந்திருந்தது. அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அலைநீளம் ஏறக்குறைய 1,100 மடங்கு நீண்டு நுண்ணலையாகிவிட்டதால் (மைக்ரோவேவ்) கண்ணுக்குத் தெரியாது. இப்போது அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் ஆண்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சலுக்குப் புறா எச்சம் காரணமோ என்று சுத்தம் செய்தும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது இந்தப் பழைய ஒளிதான். 1965-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு 1978-இல் நோபல் பரிசு. ஆக, நுண்ணலையில் பார்த்தால் வானம் முழுதும் ஒளிதான்.

மாணவர் பக்கத்தில் இன்னொரு ஞாயிறு இந்த மறுபாதியையும் போடுங்கள். கடினம் என்று தயங்க வேண்டாம், தோட்டத்தைக் காட்டிச் சொன்னால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரிகிறது. ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் சோதனைதான் 2021-இலேயே எடுக்கப்பட்டுவிட்டதே, "இது சோதனைக்கு வருமா, டீச்சர்?" என்ற கேள்வியும் வராது.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்