ஐந்து தாளிலும் ஒரே பேர்

கரூர்
19-1-2026

அன்புள்ள சண்முகம்,

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா செமஸ்டர் எழுதி முடித்தாளா? இங்கே எல்லோரும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை லோடு வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாம், ராசு சொன்னான். வண்டி உன் தம்பி குமரேசன் பேரில், கடனில் நீ, டியூ கட்டுவது உன் சிமெண்டுக் கடைக் கணக்கிலிருந்து. 'வரி மிச்சமாகும்' என்று யாரோ ஓதிவிட்டார்களாம். ராசு சொன்னதில் பாதிதான் உண்மை என்பது நம் ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பாதியே போதும். வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போடு. போனில் சொன்னால் 'சரிடா சரிடா' என்பாய், அதோடு மறந்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

உனக்கு ஓதியவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று என்னால் சொல்ல முடியும். வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்று ஒரு பிரிவு. பத்து வண்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் சரக்கு வண்டி வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது ஒரு சலுகை. 12,000 கிலோ மொத்த எடைக்கு மேற்படாத வண்டி என்றால், ஒரு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். வருடத்துக்கு 90,000. கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட் வேண்டாம். ஆகவே வண்டி குமரேசன் பேரில் இருக்கட்டும், உன் கடை அவனுக்கு மாதம் 40,000 வாடகை கொடுக்கட்டும். கடைக்கு 4,80,000 செலவு, அவனுக்கு 90,000 தான் வருமானம், அதற்கு வரியே வராது. கேட்க இனிக்கத்தான் செய்கிறது, இல்லையா?

இப்போது நீயே அந்த வண்டியைக் கடை பேரில் வாங்கி ஓட்டினால் என்ன செலவு எழுதலாம், அதையும் பார். டீசல் மாதம் 15,000, டிரைவர் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 3,96,000 ஆயிற்று. இன்சூரன்ஸ், ரிப்பேர் 40,000. முதல் வருட வட்டி 78,000. வண்டி தேய்வதற்காகச் செலவில் கழிக்கிற தேய்மானம் முழு வருடத்துக்கு 1,20,000. கூட்டிப் பார், 6,34,000 வருகிறது. மிச்சம் பிடிக்கப் போய் நீ ஒன்றரை லட்ச ரூபாய்ச் செலவை விட்டுக்கொடுக்கிறாய். குமரேசனோ 44ஏஇ-யில் போனபின் டீசலையும் வட்டியையும் தேய்மானத்தையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த 7,500-க்குள் அடக்கம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த மாதத்துக்கும் 7,500 உண்டு. மாதக் கடைசியில் வாங்கினாலும் அது முழு மாதம்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஜி.எஸ்.டி.யில். வண்டியின் அடிப்படை விலை 8,00,000 என்றால் 18 சதவீதம் வரி 1,44,000. (2025 செப்டம்பர் 21 வரைக்கும் சரக்கு வண்டிக்கு 28 சதவீதம் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் உன் சோம்பேறித்தனம் உனக்கு லாபம்.) கார் வாங்கினால் இந்த வரியைப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது, சட்டம் அடைத்து வைத்திருக்கிறது. சரக்கு வண்டிக்கு அந்த அடைப்பு இல்லை. ஆனால் பில்லில் உன் கடை பேரும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். குமரேசன் பேரில் பில் விழுந்தால் 1,44,000 அப்படியே போச்சு. இரண்டு பேரில் யாருக்கும் கிடைக்காது. கிரெடிட் எடுத்தால், அதாவது அந்த வரியைத் திரும்ப எடுத்தால், தேய்மானத்தை 8,00,000-க்குத்தான் போட வேண்டும், 9,44,000-க்குப் போடக்கூடாது. இரண்டிலும் கை வைத்தால் கிரெடிட்டைத் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம், குமரேசன் உன் கூடப்பிறந்த தம்பி. சொந்தத் தம்பிக்கு ஊர் வாடகையைவிடக் கூடக் கொடுத்தால், கூடின தொகையை அதிகாரி செலவில் சேர்க்க மாட்டார். டியூ உன் கடைக் கணக்கிலிருந்து போகிறது, டிரைவருக்குச் சம்பளம் நீ கொடுக்கிறாய், வண்டி உன் கடை வாசலிலேயே நிற்கிறது என்றால், குமரேசன் வாடகை வண்டி ஓட்டுகிறார் என்று யார் நம்புவார்கள்? வரியை விடு, விபத்தை நினைத்துப் பார். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு, வண்டியை உள்ளுக்குள் கை மாற்றிக்கொண்டோம் என்ற பேச்சு எடுபடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உன் டிரைவர் செய்கிற தப்புக்குக் குமரேசன் கோர்ட்டு ஏற வேண்டுமா?

அவனுக்கு உண்மையிலேயே வண்டித் தொழில் செய்ய ஆசையென்றால் அது வேறு பேச்சு. கடனை அவன் வாங்கட்டும், டியூவை அவன் கணக்கிலிருந்து கட்டட்டும், உன் லோடோடு நாலு பேர் லோடும் ஏற்றட்டும். நீ வாடகையை பேங்க் வழியாகக் கொடு. 'பத்து வண்டிக்கு மேல் இல்லை' என்று எழுதி, பான் எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவனுக்குக் கொடுக்கும்போதே பிடிக்கிற வரியான டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம், காலாண்டு ரிட்டர்னில் மட்டும் காட்டிவிடு. அவன் எல்.ஆர். என்ற சரக்கு ரசீது போட்டுக் கொடுக்க ஆரம்பித்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யை நீயே கட்டி நீயே கிரெடிட் எடுக்க வேண்டிவரும். எல்.ஆர். இல்லாத வாடகைக்கு அது இல்லை. ஒன்று மட்டும் அவனிடம் சொல்: ரிட்டர்னில் 90,000 காட்டிவிட்டு வருடத்துக்கு இரண்டு லட்சம் டியூ கட்டுகிறவனுக்கு, அடுத்த வண்டிக்கு எந்த பேங்க்கும் சுலபத்தில் கடன் கொடுக்காது.

நீ ஓட்டுவதென்றால் பில், ஆர்.சி., கடன் ஒப்பந்தம், இன்சூரன்ஸ், டியூ போகிற பேங்க் கணக்கு, இந்த ஐந்திலும் கடையின் பேர்தான் இருக்க வேண்டும்.

வட்டிக்கு வருகிறேன். எட்டணா வட்டிக்குக்கூட நோட்டில் வரவு வைத்தவன் நீ, 'எட்டு பர்சன்ட் ஃபிளாட்' என்றதும் எப்படியடா தலையாட்டினாய்? ஆறு லட்சம், 48 மாதம், 8 சதவீதம் ஃபிளாட். வட்டி 1,92,000, மொத்தம் 7,92,000, மாதம் 16,500. ஃபிளாட் என்றால், நீ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் கடனுக்கே கடைசி வரைக்கும் வட்டி. குறைகிற நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது 14.3 சதவீதம். அடுத்த தெரு பேங்க்கில் 10.5 என்று சொன்னதும் 'எட்டுதான் கம்மி' என்றாயாமே! 10.5 டிமினிஷிங்கில், அதாவது குறைகிற நிலுவைக்கு வட்டி என்றால், இதே கடனுக்கு மாதம் 15,400-ஐத் தொடாது. நாலு வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

ஃபிளாட்டின் வேஷம் கலைவது பாதியில் கடனை முடிக்கப் போகும்போது. 24 டியூ கட்டியபின் 'பாதி முடிந்தது, மூன்று லட்சம்தான் பாக்கி' என்று நினைத்துக்கொண்டு போவாய். 3,42,000 என்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. முதல் டியூ 16,500-ல் 7,170 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் 9,330 தான் கழியும். இதற்கு மேல் முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு கட்டணம் வேறு. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் கடன்களில் அந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டிருக்கிறது என்று ராசு சொல்லியிருப்பான். அது நடுவில் வட்டி ஏறி இறங்குகிற ஃப்ளோட்டிங் கடனுக்கு. வண்டிக் கடன் பெரும்பாலும் வட்டி மாறாத ஃபிக்ஸட். ஆகவே எத்தனை சதவீதம் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கு.

எழுதி வாங்குவதற்குத் தாளும் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் கொடுக்கிற ஒவ்வொரு தவணைக் கடனுக்கும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாள் கொடுத்தாக வேண்டும், அதுவும் உனக்குப் புரிகிற மொழியில். அதில் ஏ.பி.ஆர். என்று, கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி விகிதம் ஒரு வரியில் இருக்கும், அதை மட்டும் பார். டாக்குமெண்ட் சார்ஜ், பிராசஸிங், அவர்களே சேர்த்துக் கட்டிவிடுகிற இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அது கொடுத்தபின் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உனக்கு உண்டு. 'இன்றைக்கே போட்டால்தான் இந்த ரேட்' என்று சேல்ஸ் தம்பி சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வா. டியூ தவறினால் அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதற்கு மேல் வட்டி ஏற்றக்கூடாது. அதுவும் ரிசர்வ் வங்கி விதிதான்.

பேங்க்கா ஃபைனான்ஸ் கம்பெனியா என்பதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. உன் விற்றுமுதல் போன வருடமே ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அதனால் ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கும் வட்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், பேங்க்குக்கு வேண்டாம். டியூவோ முழுசாக ஆட்டோமேட்டிக்காகப் போய்விடும், எங்கே பிடிப்பது? வழக்கத்தில் நடப்பது இதுதான்: மாதாமாதம் வட்டிப் பகுதிக்கு உன் கையிலிருந்து டி.டி.எஸ். கட்டிவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை அதற்குச் சான்றான 16ஏ படிவத்தை அனுப்பி அந்தப் பணத்தைக் கம்பெனியிடம் திரும்ப வாங்க வேண்டும். விட்டுவிட்டால் 78,000 வட்டியில் 30 சதவீதம், அதாவது 23,400 ரூபாயைச் செலவாக ஏற்க மாட்டார்கள். பேங்க் கடன் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

முன்பணம் 3,44,000-ஐ கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுக்காதே. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது, தேய்மானமும் வராது. எவ்வளவு ஆனாலும் பேங்க் வழியாக ஆர்.டி.ஜி.எஸ்.

தேய்மானம் 30 சதவீதம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, உனக்குப் பொருந்தாததைச் சொல்லிவிட்டார். 30 வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு. உன் சொந்தச் சிமெண்டையும் கம்பியையும் ஏற்றும் வண்டிக்கு 15 தான். வாங்கிய வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அதிலும் பாதி, இந்த மார்ச்சுக்கு 60,000. மார்ச் 31-க்குள் பில் போட்டால் போதாது, வண்டி ஓடியிருக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்து முதல் லோடு இறக்கிய பில்லை ஃபைலில் வை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் எல்லாம் மாறும். உன் ஆடிட்டர் வேறு எண் சொன்னால் பயப்படாதே.

லீஸ் பற்றிக் கேட்டாயாமே. லீஸில் வண்டிக்குச் சொந்தக்காரர் கம்பெனிதான், தேய்மானமும் அதற்கே. ஆர்.சி.யில் வாடகைதாரர் பேர் இருந்தாலும் அப்படித்தான் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உனக்கு மாத வாடகை முழுவதும் செலவு. பெரிய நிறுவனங்கள் இருபது முப்பது வண்டி எடுத்து நாலு வருடத்தில் திருப்பிக் கொடுக்க அது சரி. நீ ஒரு வண்டியைப் பத்து வருடம் ஓட்டி, பாடி இத்துப்போகிற வரைக்கும் விடமாட்டாய். உனக்கு எதற்கு அது?

உன் பழைய ஏஸ் வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடுகிறாய் அல்லவா, அந்த ஆர்.சி.யை எடுத்துப் பார். கடன் முடிந்து எவ்வளவு காலம் ஆனாலும், வண்டி கடனில் இருக்கிறது என்ற ஹெச்.பி. பதிவு தானாகக் கழியாது. ஃபைனான்ஸ்காரரிடம் என்.ஓ.சி.யும், அவர் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ.வில் கழித்த பிறகுதான் 29, 30 படிவத்தில் பேர் மாற்றம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதே, பேர் மாறும் வரைக்கும் வண்டி உன்னுடையதுதான். விற்கும்போது ஜி.எஸ்.டி.யும் உண்டு: வாங்கிய அன்றைக்குக் கிரெடிட் எடுக்கவில்லை என்றால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக நிற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீதம். 1,60,000-க்கு விற்று, கணக்கில் 1,10,000 நின்றால் வரி 9,000. கிரெடிட் எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

டீலர் கொடுத்த புரோஃபார்மா பில்லையும் கடனுக்கான அந்த கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டையும் போட்டோ எடுத்து வியாழக்கிழமைக்குள் அனுப்பு. குமரேசனிடம் நான் சொன்னதாகவே சொல், கோபம் வந்தால் என்மேல் வரட்டும். தங்கமணிக்கு என் அன்பு. நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது என்பதையும் அவளுக்குத் தெரியப்படுத்து.

இப்படிக்கு,
வேலு