பி வேவ் காணோம்னா எல்லாமே ஏஎஃப் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ் மருத்துவப் பக்கத்துல ஈசிஜில பி வேவ் (இதயத்தோட மேலறை துடிக்கறப்போ விழற சின்ன மேடு) இல்லைன்னா அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு, அதாவது மேலறை தாறுமாறா நடுங்கற ஏஎஃப்னு, ஒரே வரில முடிச்சுட்டாங்க, 18 வருஷமா ஈசிஜி எடுக்கற டெக்னீஷியன் நான், படிச்சதும் கை சும்மா இருக்கல.

நீங்க போட்ட படத்தையே எடுத்துக்கோங்க சார். ஒரு ஆர்லேருந்து (ஒவ்வொரு துடிப்புலயும் உசந்து நிக்கற முனை) அடுத்த ஆர் வரைக்கும் எங்க எண்ணினாலும் 30 சின்னக் கட்டம், நிமிஷத்துக்கு ஓடற 1500 கட்டத்தை 30ஆல வகுத்தா 50 துடிப்பு, கடிகாரம் மாதிரி ஓடுது. ஏஎஃப்னா இடைவெளி தாறுமாறா இருக்கும், அடிக்கோடும் நடுங்கிட்டே இருக்கும். (கூடவே முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலறை சிக்னல் கீழறைக்கே போகாத நிலை, இருந்தா ஏஎஃப்லயும் சீரா வரும், அது தனிக் கதை.) இதுல கோடு அசையல, கியூஆர்எஸ் (கீழறை துடிக்கறப்போ விழற பெரிய அலை) ஒல்லியா இருக்கு, எனக்கென்னவோ ஜங்ஷனல் ரிதமாத்தான், அதாவது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுலேருந்து துடிப்பு கிளம்பறதாத்தான் தெரியுது. அதுல பி வேவ் கியூஆர்எஸ்க்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்.

இன்னொண்ணு, பொட்டாசியம், ரத்தத்துல அது ரொம்ப ஏறினாலும் பி வேவ் காணாமப் போகும். அதை எழுதவே இல்ல. போன சித்திரைல ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தாங்க, கிட்னி பிரச்சனை, ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை வேற, வெயிலுக்கு நல்லதுன்னு வீட்ல தினம் ரெண்டு இளநீர் குடுத்திருக்காங்க, மூணுமே பொட்டாசியத்தை ஏத்தும். மெஷின் பாட்டுக்கு மேல ஏஎஃப்னு பிரிண்ட் அடிச்சுடுச்சு. பார்த்தா டி வேவ் (கியூஆர்எஸ்க்கு அடுத்து வர்ற அலை) கூடாரம் மாதிரி கூர்மையா நிக்குது, கியூஆர்எஸ் அகண்டு கிடக்கு, பி வேவ் தேடினாலும் இல்ல. டூட்டி டாக்டரம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தாங்க, லேப் ரிப்போர்ட்டுக்குக் கூட காத்திருக்கல, கால்சியம் குளுக்கோனேட் போடச் சொல்லிட்டாங்க. 5க்குள்ள இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.9ன்னு அப்புறம்தான் வந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுத்தேன், கியூஆர்எஸ் சுருங்கியிருக்கு, லீட் டூல (ஈசிஜி இதயத்தைப் பார்க்கற கோணங்கள்ல ஒண்ணு) அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மேடு, போன பி வேவ் திரும்பி வந்துடுச்சு! கால்சியம் பொட்டாசியத்தை எறக்காது, அதுவரைக்கும் இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும், அவ்ளோதான், அப்புறம் இன்சுலின் டயாலிசிஸ்னு போச்சு. மெஷின் சொன்னதை நம்பி ஏஎஃப்னு உக்கார வெச்சிருந்தா ஆளு மிஞ்சியிருக்க மாட்டார்.

அடுத்த இதழ்ல அந்தப் படத்தையாவது மாத்திப் போடுங்க, லீட் டூவும் வி ஒன்ங்கற இன்னொரு கோணமும் சேர்த்துப் போடுங்க, பி வேவ் இருந்தா அந்த ரெண்டுலதான் நல்லா கண்ணுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு ஈசிஜி டெக்னீஷியன், தருமபுரி